மூன்றாவதாகப் பிறந்தவர்கள்

அடையாறில் ஒரு சின்னக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். வங்கிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் சிவப்பு எழுத்தில் டோக்கன் நம்பர் காட்டுமே, அந்தப் பலகைகளுக்குள் ஓடும் நிரல்களை C மொழியில் எழுதுவது என் வேலை. போன வருடம் கம்பெனியை மூடிவிட்டார்கள். காலையில் கிளம்பிப் போக ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவே மந்தைவெளியிலிருந்து பட்டினப்பாக்கம் கடற்கரை வரை நடக்க ஆரம்பித்தேன். டீச்சர் பழக்கமானது அங்கேதான்.

டீச்சர் சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். அதற்குப் பிறகு தன் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் திருமணப் பதிவேடுகளையும் கணினியில் ஏற்றும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். ஏழு வருடம், வாரத்தில் ஐந்து நாள், காலை பத்திலிருந்து ஒன்று வரை. கடைசிப் பதிவேட்டை அடித்து முடித்த மறு வருடம் பெருமழையில் கோயில் அலுவலகத்துக்குள் தண்ணீர் புகுந்தது. கீழ்த்தட்டில் இருந்த பதிவேடுகள் மூன்று நாள் தண்ணீரில் ஊறிக் கூழாகிவிட்டன. டீச்சர் அடித்து வைத்தது மட்டுமே மிச்சம்.

இந்த வருடம் அந்தப் பழைய கணினியும் நின்றுபோனது. கோப்புகள் ஒரு பென் டிரைவில் இருந்தன. புதுக் கணினியில் திறந்தால் தமிழே இல்லை, எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தது.

"ஒரு நாள் வந்து பாரேன். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை" என்றார் டீச்சர்.

போய்ப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. அந்தக் காலத்தில் பல தமிழ் எழுத்துருக்கள் ஒரு குறுக்குவழியில் வேலை செய்தன. ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் எழுத்துகளின் படத்தை வரைந்து வைத்துவிடுவார்கள். k அடித்தால் திரையில் ம தெரியும். ஆனால் கோப்புக்குள் பதிவாவது k தான். அந்த எழுத்துருவை விற்ற கடை எப்போதோ மூடப்பட்டது. அது அந்த ஒரு கணினிக்கு மட்டுமே பூட்டிக் கொடுக்கப்பட்டதால், கணினியோடு எழுத்துருவும் போய்விட்டது.

எந்த ஆங்கில எழுத்து எந்தத் தமிழ் எழுத்துக்கு நிற்கிறது என்று ஓர் அட்டவணை இருந்தால், இன்றைய யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். அட்டவணையும் கிடைத்தது. டீச்சரின் மேசைக்கு மேலே சுவரில் விசைப்பலகைப் படம் ஒன்று ஒட்டியிருந்தது. மேல் விளிம்பில் செல்லோ டேப் போட்ட இடம் மட்டும் பிய்ந்து, எண்கள் இருக்கும் வரிசை காணாமல் போயிருந்தது.

"மேல் வரிசையில என்ன இருந்துச்சு டீச்சர்?"

"நம்பர்தான்மா. வேற என்ன?"

அதை அப்படியே நம்பினேன். வீட்டுக்கு வந்து, கை பழகிய C மொழியிலேயே நிரல் எழுத உட்கார்ந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு விரல்கள் வேகமாக ஓடின. பழைய முறையில் கெ, கே போன்றவற்றின் கொம்பு முதலில் வரும், எழுத்து பின்னால் வரும். யூனிகோடில் அது தலைகீழ். அதையெல்லாம் இடம் மாற்றினேன். பழைய எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட், புதியது மூன்று பைட் என்பதை மறந்து குறைவாக இடம் ஒதுக்கியதில், முதல் நாள் எல்லாருடைய பெயரும் பாதியில் அறுந்து நின்றது. அதையும் சரிசெய்தேன்.

அட்டவணையில் இல்லாத எழுத்து வந்தால் அந்த வரியின் எண்ணையும் வரியையும் பிழைச் செய்தியாகக் காட்டச் சொல்லியிருந்தேன். முதல் முறை ஓட்டியதும் நிறைய பிழை வந்தது. ஒரு வரியில் # குறி. டீச்சரிடம் போனில் கேட்டேன்.

"முகவரியில வருதா? சூளைமேடா இருக்கும். ஐயோ, ஆமாம்! ஷிஃப்ட் அழுத்தினா மேல் வரிசையிலயும் எழுத்து வரும். மறந்தே போயிட்டேன் பாரு."

சூ சேர்ந்தது. அடுத்து $ குறி. "கூலி" என்ற சொல்லில் வரும் கூ. இப்படியே ஒவ்வொன்றாகப் பிழைச் செய்தி காட்டிக்கொடுக்க, நான் சேர்த்துக்கொண்டே வந்தேன். அதனால் என் பிழைச் செய்திகள் மீது எனக்கு அபார நம்பிக்கை வந்துவிட்டது.

கடைசியில் நானூற்றுச் சொச்சம் வரிகள் மட்டும் மாறாமல் நின்றன. அவை எல்லாவற்றிலும் நடுவே ஏழு இலக்க எண் ஒன்று, முன்னால் கழித்தல் குறியோடு இருந்தது. அத்தனை வரியிலும் ஒரே எண். அந்த இடத்தில் என்ன சொல் இருந்திருக்கும் என்று தெரியவில்லை. பட்டியலைத் தாளில் அச்சடித்து டீச்சரிடம் கொண்டுபோனேன்.

"டீச்சர், எப்பவாவது ஒரு சொல்லைத் தேடி, எல்லா இடத்துலயும் மொத்தமா மாத்தினீங்களா?"

அவர் முகம் மாறியது. "ஒரு தடவை செஞ்சேன். ஒரு ஊர்ப் பேரைத் தப்பா அடிச்சிட்டு வந்திருந்தேன். அதை மாத்தினேன்."

"அப்போ கை தவறி வேற ஏதோ சொல்லும் சேர்ந்து மாறியிருக்கும். ஒரே நம்பர் எல்லா இடத்துலயும் விழுந்திருக்கு. அங்க என்ன இருந்துச்சுன்னு இனிமே கண்டுபிடிக்க முடியாது."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. டீச்சர் தாளை வாங்கி விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டே போனார்.

"நான் நம்பர் எதுவும் அடிக்கலையேம்மா" என்றார், மெதுவாக. பிறகு, "அடிச்சிருப்பேன் போல" என்றார்.

அடுத்த இரண்டு நாள் அவர் கடற்கரைக்கு வரவில்லை. போன் செய்தால், முழங்கால் வலி என்றார். பதிவேடுகள் இல்லை, இருப்பது இது ஒன்றுதான், அதையும் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் காலை பங்கு அலுவலகத்திலிருந்து டீச்சரே கூப்பிட்டார். குப்பத்திலிருந்து ஓர் அம்மா வந்திருக்கிறாராம். மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கொட்டிவாக்கம். ஞாயிற்றுக்கிழமை அங்கே கோயிலில் முதல் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று பூசையில் அறிவிப்பதுதான் ஓலை. பெண்ணின் ஞானஸ்நானச் சான்றிதழ் வராமல் ஓலை வாசிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அந்த அம்மா மீன் வியாபாரம் முடித்து நேராக வந்திருந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"இன்னா மேடம், எம்பொண்ணு பேரு இதுல கீதா, இல்லியா?"

மாற்றி வைத்திருந்த கோப்பில் அவர் கணவர் பெயரைப் போட்டுத் தேடினேன். மூத்த மகன் இருந்தான். அடுத்த மகள் இருந்தாள். கடைசிப் பையனும் இருந்தான். கல்யாணப் பெண் மட்டும் இல்லை.

"அது எப்டி மேடம்? நாலு பேருக்கும் இதே கோயில்லதான் தண்ணி ஊத்துனாங்க. மொதப் புள்ள கீறான், ரெண்டாவது கீது, நாலாவது கீறான். மூணாவது மட்டும் எங்க போச்சி?"

டீச்சர் சட்டென்று நிமிர்ந்தார். மேசை இழுப்பறையிலிருந்து நான் கொடுத்த தாள்களை எடுத்தார். இரண்டு நாளாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் போல, ஓரமெல்லாம் மடங்கியிருந்தது.

"இந்த நம்பர் எந்தக் கட்டத்துல விழுந்திருக்கு பாரு. எத்தனையாவது குழந்தைன்னு எழுதற கட்டம். அதுல முதலாவதுன்னு இருக்கும், இரண்டாவதுன்னு இருக்கும்..." அவர் விரல் அடுத்தடுத்த தாளுக்குத் தாவியது. "எல்லாப் பக்கத்துலயும் காணாமப் போனது மூணாவது குழந்தைங்க மட்டும்தானாம்மா?"

நான் நிரலை மறுபடி ஓட்டினேன். அதே வரிகள் வந்தன. ஆனால் அந்த எண் வேறாக இருந்தது. தாளில் இருந்தது ஓர் எண், திரையில் இருந்தது இன்னோர் எண். மீண்டும் ஓட்டினேன். மூன்றாவதாக ஓர் எண்.

கோப்பை யாரும் தொடவில்லை. கோப்பில் உள்ள எண் தானாக மாறாது. அப்படியானால் அந்த எண் கோப்பிலேயே இல்லை. அதைப் போட்டது என் நிரல்.

பிழைச் செய்தியை விட்டுவிட்டு மூலக் கோப்பையே திறந்து, அந்த வரிக்குப் போனேன். எண் எதுவும் இல்லை. இருந்தது இதுதான்: %d;whtJ.

"டீச்சர், மூன்றாவதுன்னு அடிச்சுக் காட்டுங்க. விசைப்பலகை வேணாம், சும்மா மேசையில அடிங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலது சுண்டு விரல் ஷிஃப்ட் இருக்கும் இடத்தை அழுத்தியது. இடது ஆள்காட்டி விரல் மேலே எட்டி ஐந்தாம் எண்ணைத் தொட்டது. ஷிஃப்ட்டோடு ஐந்து என்றால் சதவீதக் குறி. அதுதான் மூ.

C மொழியில் அச்சிடும் கட்டளைக்கு முதலில் ஒரு வாக்கியத்தின் அச்சை, அதாவது மாதிரி வடிவத்தைக் கொடுப்போம். அதில் சதவீதக் குறி வந்தால், இங்கே ஒரு மதிப்பைக் கொண்டுவந்து வை என்று பொருள். கூடவே d வந்தால், ஓர் எண்ணை வை என்று பொருள். நான் டீச்சர் அடித்த வரியையே அச்சாகக் கொடுத்திருந்தேன். "மூன்றாவது" என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்தும் சதவீதக் குறியும் d-யுமாக இருந்ததால், நிரல் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டது. நான் எண் எதுவும் தராததால் நினைவகத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்து வைத்துவிட்டது. சூவையும் கூவையும் ஒழுங்காகக் காட்டிக்கொடுத்த அதே செய்தி, இந்த ஓர் எழுத்தை மட்டும் விழுங்கிவிட்டு வேறு எதையோ சொல்லியிருக்கிறது. இப்படிச் செய்யாதே என்று நிரலைத் தொகுக்கும்போதே கணினி எச்சரித்திருக்கும். எச்சரிக்கைகளைப் படிக்காமல் தள்ளிவிடுவது என் நெடுநாள் கெட்ட பழக்கம்.

"உங்க தப்பு ஒண்ணும் இல்ல டீச்சர். எல்லாம் நான் பண்ணினது" என்றேன்.

"அப்போ நான் அடிச்சது?"

"அப்படியே இருக்கு. ஒரு எழுத்துகூடக் கெடலை."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். நான் திட்டை எதிர்பார்த்தேன். அவர் என் முதுகில் பட்டென்று ஓர் அடி கொடுத்தார். வலிக்கும்படியாகவே.

"ரெண்டு நாள் சோறு இறங்கலைடி எனக்கு."

முதல் தடவையாக என்னை "டி" போட்டுக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"இன்னா நடக்குதுன்னே புரில" என்றார் குப்பத்து அம்மா. "எம்பொண்ணு கீதா, இல்லியா? அத்த சொல்லுங்க மொதல்ல."

"இருக்கா, இருக்கா" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

திருத்தம் இரண்டே வரி. அட்டவணையில் மூவைச் சேர்த்தேன். அச்சிடும் கட்டளையிடம், வருவது வெறும் எழுத்து, அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாதே என்று தெளிவாகச் சொன்னேன். ஓட்டியதும் நானூற்றுச் சொச்சம் பேரும் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பெண்ணின் பெயர், பிறந்த நாள், ஞானஸ்நானத்தில் துணை நின்ற ஞானத்தாய், ஞானத்தந்தை எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஞானத்தாய் பெயரை நான் வாசித்ததும் அந்த அம்மா முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அது எங்க நாத்தனாரு. செத்துப் பல வருசம் ஆவுது. அவங்க பேரு இதுல கீதா!" என்று திரையைத் தொடப்போய், மீன் வாசம் நினைவுக்கு வந்து கையை இழுத்துக்கொண்டார். "தொடுங்க" என்றார் டீச்சர்.

சான்றிதழை அச்சடித்து, ஃபாதரிடம் கையெழுத்து வாங்கி, அந்த அம்மா பதினோரு மணிக்குள் கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு நானும் டீச்சரும் பஸ் பிடித்துக் கொட்டிவாக்கம் போனோம். தி. நகர் துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணாம். புடவையை அவளே தேர்ந்தெடுத்தாள் என்று அவள் அம்மா பெருமையாகச் சொன்னார். பந்தியில் என் இலையில் வஞ்சிர வறுவலாக வைத்துக்கொண்டே போனார். நான் அசைவம் சாப்பிடுவதில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. டீச்சர் தன் இலைக்கு எடுத்துக்கொண்டே இருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஒரு கோரிக்கை வைத்தார். "அந்தச் செய்தியெல்லாம் எனக்குப் புரியற மாதிரி எழுதிக் கொடு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லட்டும். கண்டதைச் சொல்ல வேண்டாம்."

அந்த வாரம் முழுக்க இருவரும் உட்கார்ந்து பிழைச் செய்திகளைத் தமிழில் எழுதினோம். வரி எண், என்ன எழுத்து, எந்தக் கட்டம் என்று எல்லாம் தனித்தனியாக. "தவறு" என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் டீச்சர் "எனக்குத் தெரியாத எழுத்து" என்று மாற்றச் சொன்னார். யார் தவறு என்று அதற்குள் முடிவு செய்ய வேண்டாமாம்.

இப்போது திருமணப் பதிவேடுகளை அவரே தனியாக மாற்றிக்கொண்டிருக்கிறார். நேற்று மத்தியானம் போன் வந்தது.

"ஒரு வரி நின்னுபோச்சு. போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளை பேருக்கு நடுவுல சம்பந்தமே இல்லாத ஒரு குறியை நானே அடிச்சு வச்சிருக்கேன்."

"பரவாயில்ல டீச்சர், திருத்திடலாம்."

"திருத்திட்டேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்று சிரித்தார். "இது சத்தியமா என் தப்புதான்."