பட்டனுக்கு மேலிருந்த படம்

என் மனைவி கைமுறுக்கு சுற்றுகிறவள். வலியசாலையில் கல்யாணச் சமையல் எடுத்து நடத்திய ஒருவரிடம் பாத்திரம் கழுவத்தான் முதலில் போனாள். ஒரு முகூர்த்த சமயத்தில் பட்சணத்துக்கு ஆள் போதாமல், அவளைப் பின்கட்டில் உட்காரவைத்து மாவைக் கையில் கொடுத்தார்கள். அவர் தொழிலை விடும்வரை முறுக்கு அவள் பொறுப்பாகவே இருந்தது. பிறகு, இரண்டு தெரு தள்ளி நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டிலேயே அடுப்பு போட்டாள். கட்டட வேலை பார்த்த எனக்கு முதுகு கெட்டுப்போனதால், முறுக்கை ஸ்கூட்டரில் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுகிற வேலை என்னுடையது ஆயிற்று.

போன வருஷம் கடைகளில் பளபளப்பான கம்பெனி பாக்கெட்டுகள் முன்னால் வந்து, எங்கள் முறுக்கு பின்வரிசைக்குப் போனது. சில கடைக்காரர்கள் இனி வேண்டாம் என்று சொல்லாமல், என்னைப் பார்த்ததும் போனை எடுத்துப் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு நின்று வாதாட வராது. திரும்பி வந்துவிடுவேன். இப்படியே போனால் அடுப்பை அணைத்துவிட்டு அவள் மறுபடி பாத்திரம் கழுவப் போக வேண்டியதுதான் என்ற நிலை வந்தது.

தைக்காட்டில் ஒரு மாடி அலுவலகத்துக்கு வாராவாரம் முறுக்கு கொண்டுபோவேன். கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கும் இடம் அது. அதை நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம், பேச்சு பாதி மலையாளம். எங்கள் நிலைமையைக் கேட்டு, எங்களுக்கும் ஒன்று செய்து தருவதாக அவளே சொன்னாள்.

மேலே பிள்ளையார் படம், அதன் கீழே எல்லாப் பலகாரங்களின் பெயர், நாங்கள் சரக்குப் போடும் கடைகள், போன் நம்பர், இவையெல்லாம் வேண்டும் என்றேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"சேட்டா, கடைக்குள்ள கால் வைக்கிற ஆளை வாசல்லயே நிறுத்தி கதை சொல்லுவாங்களா? ஒரு படம், ஒரு வரி, கீழ ஒரு பட்டன். அது மதி, போதும்."

வருகிறவர் கண்மூடித் திறப்பதற்குள் நம்ப வேண்டும், இல்லாவிட்டால் போய்விடுவார் என்று விளக்கினாள். கட்டைவிரல் வேறு எங்கும் அலையாமல் பட்டனில்தான் வந்து நிற்க வேண்டும். அமுக்கினால் எங்கள் வாட்ஸாப்புக்கு வரும். அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அதிகம் பேசுகிற கடைக்காரனிடம் ஒன்றும் வாங்காமல் நழுவுகிற ஆள்தான் நானும்.

பேஜ் தயாரானபோது காட்டினாள். மேலே மடிசார் கட்டி, மூக்குத்தி மின்ன, பித்தளைப் பாத்திரத்துக்கு முன்னால் ஒரு மாமி சிரித்துக்கொண்டிருந்தார். கீழே இங்கிலீஷில் ஒரு வரி. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அதை எழுத்துக் கூட்டி முடிக்க முடியவில்லை. பழைய கால ருசி என்பதுபோல் போட்டிருப்பதாகச் சொன்னாள். காலண்டர் படம் மாதிரி அழகுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் காட்டியபோது என் மனைவி, "யாரு இது? நல்லா இருக்காவளே" என்றாள். அதோடு விட்டுவிட்டோம்.

ஆர்டர்கள் வரத் தொடங்கின. கழக்கூட்டம் பக்கத்து ஆபீசுகள், புதிய பிளாட்டுகள். சிலர் மாமிக்கு நன்றி சொல்லி அனுப்பினார்கள். "மாமி வந்தா சொல்லிருதேன்" என்று இவள் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் சிரிப்பாள். நானும் சிரித்தேன்.

பிறகு ஸ்ரீவராகத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். பெண்ணுக்குக் கல்யாணம், சீருக்கு ஏழு சுற்று முறுக்கு வேண்டும். எங்களுக்கு அதுவரை வந்ததில் பெரிய ஆர்டர் அதுதான். போனில் பேசினால் போதாது என்று நேரில் வந்துவிட்டார். வாசலில் என்னைப் பார்த்து, "மாமி ஆத்துல இருக்காளா?" என்றார். உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டேன். அதற்குள் என் மனைவி மாவுக் கையோடு வெளியே வந்தாள். அவளைப் பார்த்து அவர், "மாமியைக் கொஞ்சம் கூப்பிடும்மா" என்றார்.

இவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"குளிக்கப் போயிருக்காவ. நான் கூட ஒத்தாசைக்கு இருக்கேன். என்ன வேணும்னு சொல்லுங்கம்மா."

தட்டில் ஒரு முறுக்கை வைத்துக் கொடுத்தாள். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சுற்று ஒன்றுகூட விலகவில்லை. கடித்துப் பார்த்துவிட்டு, மாமியின் கையில் ஏதோ இருக்கிறது என்றார். போகும்போது, நன்றாகப் பார்த்துக் கற்றுக்கொள் என்று இவளிடம் சொல்லிவிட்டுப் போனார். இவள் தலையாட்டினாள்.

மறுநாள் காலையில் அரிசி களைந்துகொண்டே, "அவங்ககிட்டப் போய்ச் சொல்லிருங்க" என்றாள். "நாலு பேர் கூடுற சபையில வைக்கிற பொருள். பின்னால தெரிஞ்சா அவங்களுக்குத்தான் தலைகுனிவு."

ஸ்ரீவராகம் போக எனக்குத் தைரியம் வரவில்லை. முதலில் தைக்காட்டுக்குப் போனேன். அந்தப் பெண்ணிடம், படத்துக்குக் கீழே இருந்த வரியை முழுதாகப் படித்துச் சொல்லச் சொன்னேன். 'எங்கள் அக்ரஹாரத்து அடுக்களையிலிருந்து' என்று எழுதியிருந்தது. நாங்கள் அக்ரஹாரத்துக்காரர்கள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்படியிருக்க ஏன் இந்தப் படம் என்று கேட்டேன். அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அவள் மழுப்பவில்லை. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். அதில் எங்கள் பேஜேதான், ஆனால் மாமி இருந்த இடத்தில் இரண்டு கைகள், துணியின் மேல் முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தன. மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த தழும்பு. ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது எடுத்தாளாம்.

"முதல்ல ரெண்டு பேஜும் ஒண்ணா ஓடிச்சு சேட்டா. வர்ற ஆளுல பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு அது. சேச்சியோட கையைப் பார்த்தவங்க கொஞ்சம் பேர்தான் பட்டனை அமுக்கினாங்க. மாமின்னா அதுல இரட்டி. அதான் இதை எடுத்துட்டேன்."

எல்லாருக்கும் இப்படித்தான் செய்வது, எது ஓடுகிறதோ அது நிற்கும், இதில் அவள் இஷ்டம் ஒன்றும் இல்லை என்றாள். அவள் முகத்தில் வஞ்சம் எதுவும் இல்லை. நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் கடைக்காரர்கள் வேண்டாம் என்றது முறுக்கை. இது வேறு. ருசி தெரியாத, யார் என்றே தெரியாத யாரோ, இந்தக் கைகளை ஒரு நொடி பார்த்துவிட்டு விரலால் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அங்கிருந்து நேராக ஸ்ரீவராகம் போனேன். வீட்டு வாசலில் நின்றபடியே, மாமி என்று யாரும் இல்லை, அன்று தட்டு கொடுத்தவள்தான் செய்கிறவள், என் மனைவி என்று சொல்லி முடித்தேன். அந்த அம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பதறித்தான் போனார். உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சம்பந்தியாத்துல அந்தப் படத்தைத்தான் காமிச்சிருக்கேன். நீங்க செஞ்சு குடுங்கோ, எனக்கு ஒண்ணும் இல்லை. கல்யாணம் ஆறவரைக்கும் அந்தப் படம் மட்டும் அப்படியே இருக்கட்டும்."

கும்பிட்டுவிட்டு வந்தேன். வீட்டில் இரண்டையும் சொன்னேன். அந்த இரண்டு பேஜ் விஷயத்தை மறைத்துவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்தேன். ஆனால் அவள் ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டே வந்தபோது மறைக்க முடியவில்லை. கேட்டுவிட்டுத் தன் கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"கல்யாணம் முடியட்டும்னு இப்பச் சொல்லுவாவ. அடுத்தாப்ல இன்னொரு கல்யாணம் வரும். எத்தனை தடவைதான் நான் குளிக்கப் போறது?"

படத்தை மாற்றச் சொல்லுங்கள் என்றாள். மாற்றினால் அந்த ஆர்டர் போகும், வருகிறதும் பாதியாகும் என்றேன். தெரியும் என்றாள்.

படம் மாறிய அன்றே ஸ்ரீவராகத்து அம்மாவிடம் தகவல் சொன்னேன். வேறு இடத்தில் சொல்லிக்கொள்கிறோம் என்று, வருத்தத்தோடுதான் சொன்னார். தைக்காட்டுப் பெண் சொன்னபடியே போன் மணியடிப்பது குறைந்தது. பின்வரிசையில் வைத்தாலும் பரவாயில்லை என்று பழைய கடைகளுக்கு மறுபடி போகிறேன். அடுப்பு இன்னும் எரிகிறது. எவ்வளவு நாளைக்கு என்று இரண்டு பேருமே பேசுவதில்லை.

அந்தக் கல்யாணம் நடந்த அன்று அவள் கடைகளுக்கான முறுக்கைச் சுற்றிக்கொண்டிருந்தாள். திடீரென்று, "அவங்களுக்கு யாரு செஞ்சு குடுத்தாவளோ?" என்றாள். தெரியாது என்றேன்.

"நல்லா வந்திருக்கணும். சுத்துப் பிரிஞ்ச முறுக்கைச் சபையில வச்சா அந்தக் கல்யாணப் பொண்ணுக்கு மனசு சங்கடமாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த உருண்டை மாவை எடுத்தாள்.