பெரிய வக்கீல்

காலை பத்தேகால். ஜெராக்ஸ் கடையிலிருந்து கோர்ட்டுக்குத் திரும்பியபோது முதலில் கண்ணில் பட்டது அம்மாவின் கை. வராந்தாவில் கறுப்புக் கோட்டு போட்ட ஒரு பெண்ணின் முழங்கையை அது பிடித்திருந்தது. அந்தப் பெண் மெல்ல விடுவித்துக்கொண்டு, கோப்புகளோடு உள்ளே போனார்.

தம்பியின் ஜாமீன் மனு அன்று விசாரணைக்கு வந்தது. வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பக்கத்துத் தோட்டக்காரரை மண்வெட்டிக் காம்பால் அடித்திருந்தான். அவர் மண்டையில் தையலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். தம்பி சப்ஜெயிலில் இருந்தான்.

"யாருங்கம்மா அது?"

"நம்மூட்டுப் புள்ளையாட்டம் தமிழ் பேசுது கண்ணு. நீ புடிச்ச வக்கீலு மீசை மொளைக்காத பையன். இந்தம்மா பிராசிக்யூட்டராமா. அவிங்களே சொன்னாங்க. பெரிய வக்கீலாட்ட இருக்குது."

கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் எருத்தேன்பதியில் பத்திரம் எழுதுகிறவரும் வக்கீல், நோட்டரி சீல் போடுகிறவரும் வக்கீல். கறுப்புக் கோட்டைக் கண்டால் அதற்கு மேல் யாரும் விசாரிப்பதில்லை. கோர்ட்டுக்குள் அப்படியில்லை. நாம் வைத்த வக்கீல் நமக்காகப் பேசுவார். பிராசிக்யூட்டர் போலீஸ் தரப்புக்காகப் பேசுவார். அம்மா அதை மேல்பதவி என்று நினைத்துவிட்டாள்.

"என்னம்மா சொன்னீங்க?"

"உள்ளதத்தான். அடிச்சுப்போட்டு ரெண்டு நாளு பொள்ளாச்சில மாமன் ஊட்டுல இருந்தான், நாங் கூப்புட்டுத்தான் வந்தான்னேன். வெளிய உட்டா மறுக்கா அங்கயே அனுப்பிப்போடறேன், இங்க சண்டையே வராதுன்னேன்."

"அதுக்கு அவங்க?"

"உங்க வக்கீல்கிட்டப் பேசுங்கம்மான்னு தன்மையாச் சொன்னாங்க. என்னடா, மூஞ்சி இப்படிப் போச்சு?"

எங்கள் வக்கீலிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் மனுவின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மனுதாரர் சம்பவத்துக்குப் பிறகு ஊரைவிட்டுப் போகவில்லை, தலைமறைவாக வாய்ப்பும் இல்லை என்று அதில் இருந்தது. "சேட்டா, நான் இனி என்னத்தப் பேச?" என்றார்.

உள்ளே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் நான்கு வழக்குகள். பிராசிக்யூட்டர் எதையாவது குறித்துக்கொண்டபோதெல்லாம் அது அம்மா சொன்னதோ என்று நிமிர்ந்து பார்த்தேன். ஒருவேளை சொல்லமாட்டார் என்றும் தோன்றியது. அம்மா அவர் பார்வையில் படும்படி நகர்ந்து உட்கார்ந்து ஒரு முறை கும்பிட்டாள். அவர் தலை குனிந்துகொண்டார்.

எங்கள் வக்கீல் சுருக்கமாகப் பேசி உட்கார்ந்தார். பிராசிக்யூட்டர் எழுந்தார். கோர்ட்டு மலையாளம், வேகம். அம்மாவுக்கு ஒரு சொல்தான் பிடிபட்டது. என் தொடையைத் தட்டினாள்.

"பொள்ளாச்சிங்குது பாரு. ஒண்ணுகூட மறக்கல, தங்கம்."

மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்தி எங்கள் வக்கீலைப் பார்த்து ஏதோ கேட்டார். வக்கீல் மனுவின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார்.

மனு தள்ளுபடியானது.