சுத்தியல் விழாத மரம்

என் வீட்டம்மாவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சுத்தியல்காரி என்றால்தான் தெரியும். வனத்துறையில் மரம் குறிப்பது இவள் வேலை. வெட்ட வேண்டிய மரத்தின் அடியில் பட்டையைச் செதுக்கி, முத்திரைச் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. அந்த முத்திரை விழாத மரத்தை மந்திரியே வந்தாலும் வெட்ட முடியாது. நான் பட்டறையில் லாரிக்கு நட்டு முறுக்குகிறவன். பெண்டாட்டி பெருமை பேசுகிறான் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கென்ன!

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் துறையின் முதல் தலைவர். மொட்டையாகக் கிடந்த மலையைக் காடாக்கியவர் என்று துறையில் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். பொய்யில்லை, எங்கள் குழாயில் வருவது அந்தக் காட்டுத் தண்ணீர்தான். ஆனால் மரம் நட இடம் வேண்டும் என்று, அங்கே காலங்காலமாக இருந்த குடும்பங்களை விரட்டியடித்தவரும் அவரேதான். வீட்டுத் தூண்களில் அதே சுத்தியலால் முத்திரை குத்தி, அரசாங்க மரம் என்று பிரித்துக்கொண்டு போனார்கள். அதில் ஒன்று என் மாமனார் பிறந்த வீடு. அப்போது அவர் பொடியன். மகள் அதே துறையில், அதே சுத்தியலோடு வேலைக்குச் சேர்ந்தபோது மனிதர் முகம்கொடுத்துப் பேசவில்லை.

தலைமை அலுவலக வாசலில் அந்தத் தலைவர் கையால் நட்டதென்று ஒரு மரம், அதன்கீழ் அவர் புகழ் பாடும் பலகை. போன மழையில் பெரிய கிளை முறிந்து காவலாளியின் சைக்கிள் அப்பளமானது. பிடித்துக்கொண்டது சண்டை. விரட்டப்பட்டவர்களின் பிள்ளைகள் வெட்டியே ஆக வேண்டும் என்றார்கள். ஓய்வுபெற்ற அதிகாரிகள் தொட்டுப்பார் என்றார்கள். மேலதிகாரி நைசாக, "மரம் குறிக்கிறவங்க சொல்றதுதான் முடிவு" என்று இவள் தலையில் கட்டிவிட்டு நழுவினார்.

மரம் பார்க்க வேண்டிய நாள் காலையில் இவள் கிளம்பும்போது, எங்களோடு இருக்கும் மாமனார் வழிமறித்தார். "அந்தாளு மரத்த வெட்டாம இந்த வீட்டுப்படி ஏறாத."

நியாயமா இது? அது என் வீட்டுப்படி! சொல்ல வாயெடுத்தேன். இவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். மனசு கேட்காமல் பட்டறைக்கு மட்டம் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன்.

இவள் மரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டினாள், காதை வைத்துக் கேட்டாள். வேரைத் தோண்டிப் பார்த்தாள். மெல்லிய துளை போட்டு, வந்த தூளை மோந்தாள். பிறகு சுத்தியலைப் பைக்குள் வைத்தாள்.

"உள்ள சொத்தையில்ல. காஞ்ச கிளைய மட்டும் எடுத்தா போதும்."

இவளுடைய அத்தை மகன் கத்தினான்: "தாத்தா வீட்ட மறந்துட்டியா?"

"மறக்கலடா. தூண்ல அன்னிக்குக் குத்துனது பொய் முத்திர. நானும் இன்னிக்குப் பொய் முத்திர குத்தணுமா?"

அந்தப் பக்கம் ஒரு பழைய அதிகாரி கைதட்டினார். இவள் விறுக்கென்று திரும்பினாள்.

"நீங்க எதுக்கு சார் தட்டுறீங்க? பலகைல பாதிக் கததான் இருக்கு. வெரட்டுனதையும் எழுதுங்க."

அடேயப்பா, எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது! மேலதிகாரி கூட்டத்தைப் பார்த்தார், நாளைக்கே பெயின்டரை வரச் சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

வழியெல்லாம் இவளுக்கு அப்பா கதவைச் சாத்திவிடுவாரோ என்ற பயம். கிழவர் வாசலிலேயே நின்றார்.

"வெட்டியாச்சா?"

"இல்லப்பா. மரம் நல்லாருக்கு. வேரு ஆழமா போயிருக்கு."

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"போகாம என்ன? குழி தோண்டுனது எங்கப்பனாச்சே. வீட்டப் பிரிச்ச மறுநாளு, கூலிக்கு. அந்தாளு செடிய வச்சு போட்டோ பிடிச்சிட்டுப் போயிட்டாரு. தண்ணி ஊத்தி வளத்தது பூரா எங்கப்பன்தான்."

"இத்தன வருசமா ஏம்ப்பா சொல்லல?"

"கேவலமா இருந்துச்சும்மா. வீட்ட இடிச்சவனுக்கே குழி வெட்டுனான்னு ஊரு சிரிக்கும்ல."

இவள் அவர் கையை இறுகப் பற்றினாள். "சிரிக்கிறவன் சிரிக்கட்டும். நாளைக்கு பெயின்டர் வர்றாரு. நட்டது யாருன்னு நீ வந்து சொல்லு, அப்படியே எழுதட்டும்."

கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாப்ள, என் வெள்ளச் சட்டைக்குக் கொஞ்சம் இஸ்திரி போட்டுத் தர்றியா?" என்றார்.