லாபம், ரெண்டு, மூணு

எங்கள் பக்கத்தில் தானியம் அளப்பவர்கள் முதல் படியை ‘ஒண்ணு’ என்று சொல்ல மாட்டார்கள். ‘லாபம்’ என்பார்கள். அடுத்தது ‘ரெண்டு’, அதற்கடுத்தது ‘மூணு’. தொடங்கும்போதே நல்ல வார்த்தை வாயில் வரட்டும் என்று வைத்த பழக்கம். கடைக்காரன் பெற்ற பிள்ளைக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டுமா என்று என் அப்பா இருந்துவிட்டார்.

உத்தமபாளையத்தில் எங்களுக்குத் தானியக் கடை. சண்டைக்காலம் அது. ரங்கூன் அரிசி நின்றுபோய், கேப்பைக்கும் கம்புக்கும் சனங்கள் ஆலாய்ப் பறந்தார்கள். கடையாள் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், சந்தை நாட்களில் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு எட்டு வயது. பொம்பளைப் பிள்ளைக்குக் கடை எதற்கு என்று அம்மா முணுமுணுத்தாள். “காசோட அரும தெரிஞ்சு வளரட்டும்” என்றார் அப்பா.

முதல் நாளே கேட்டேன். “லாபம்னா என்னப்பா?”

அவர் சில்லறையைப் பிரித்துக்கொண்டே சொன்னார். “நமக்குன்னு நிக்கிறதுத்தா. மத்ததெல்லாம் அடுத்தவுக காசு.” அவர் சொன்னதில் பிழையில்லை. நான் புரிந்துகொண்டதுதான் கோணல்.

பெரிய அளவையை எல்லாம் அப்பா வாசலில் அளப்பார். நாலு படி, ஆறு படி வாங்குகிற ஏழை எளியதுகளின் பைகள் மட்டும் மூட்டை அடுக்குக்குப் பின்னால் என்னிடம் வரும். நான் குரலெடுத்து எண்ணுவேன். ‘லாபம்’ என்று கோரிய படியைக் குவியலிலேயே திருப்பிக் கொட்டிவிடுவேன். நமக்கென்று நிற்க வேண்டியதாயிற்றே. ‘ரெண்டு’ தொடங்கித்தான் பையில் விழும். வெளியே நின்றவர்கள் காதில் எண்ணிக்கை சரியாகவே கேட்டது.

சாயங்காலம் பார்த்தால் தானியம் மிஞ்சும். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். “எம்மக கைராசிக்காரி” என்று என் உள்ளங்கையில் காலணா வைப்பார். மண் உண்டியலில் போட்டு வைப்பேன். ஏன் மிஞ்சுகிறது என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. எட்டு வயதில் எனக்கு அது உறைக்கவில்லை. அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

சில சந்தைகள் கழித்து, அனுமந்தன்பட்டியிலிருந்து ஒருத்தி வந்தாள். அவள் புருஷன் மலையில் ஏலத்தோட்டத்து வேலை பார்ப்பவன். அவனையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவளுக்கு ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது.

“அய்யா, போன சந்தையில வாங்குன ஆறு படியில ஒரு படி குறையுது. எங்காத்தா வீட்டுக்கு அளந்து குடுத்துட்டேன்னு இவுக அடிக்கிறாக. எனக்குக் காசு வேணாம், தானியம் வேணாம். தப்பு இங்கனதான்னு இவுககிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க, போதும்.”

அத்தனை பேர் நடுவில் கேட்டதும் அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது. “வழியில எவ வீட்டுல கொட்டுனியோ, எங்கடைப் படியில வந்து குத்தஞ் சொல்ற. ஏத்தா, இங்கன வா. இவ கண்ணு முன்னால ஆறு படி அளந்து காட்டு.”

எனக்கு ஒரே பெருமை. எல்லோரும் பார்க்க மூட்டையிலிருந்து கோரினேன். “லாபம்” என்று கணீரென்று சொல்லி, அந்தப் படியை மூட்டையிலேயே திருப்பிக் கொட்டினேன். பிறகு “ரெண்டு” என்று அவள் பையில் போட்டேன்.

ஆறு வருவதற்குள் யாரோ சிரித்தார்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ தப்பு என்று தெரிந்தது. என்ன தப்பு என்று தெரிய இன்னும் கொஞ்சம் நேரமாயிற்று. தெரிந்ததும் அந்த வீங்கிய கன்னத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் புருஷனும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கேட்ட அந்த ஒரு வார்த்தையை அப்பா சொல்லவில்லை. என் கையிலிருந்த படியைப் பிடுங்கி, நிறையக் கோரி, அவள் பையில் கொட்டினார். கொட்டும்போது, பழக்கதோஷம், “லாபம்” என்றார்.

“யாருக்குங்கய்யா?” என்று கேட்டாள் அவள். பதிலுக்கு நிற்காமல் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அன்று கடை அடைக்கும் நேரத்தில் அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, இப்படி யார் யாருக்கு அளந்தாய் என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு முகங்களெல்லாம் ஞாபகம் இருந்தன. கைப்பிள்ளைக்காரி, தறிக்காரர் சம்சாரம், ஊன்றுகோலோடு வரும் கிழவர் என்று சொல்லிக்கொண்டே போனேன். பாதியிலேயே நிறுத்தினார்.

“வந்து கேட்டவளுக்குக் குடுத்தாச்சு. கேக்காதவுககிட்ட நாமளாப் போயி ஒண்ணும் சொல்ல வேணாம், என்ன?”

பிறகு வழக்கம்போல என் உள்ளங்கையில் காலணா வைத்தார். கைராசி என்று சொல்லவில்லை. அது எதற்கான காசு என்று இந்தத் தடவை எனக்குப் புரிந்தது. வாங்கிக்கொண்டுபோய் உண்டியலில் போட்டேன்.