குளிப்பாட்டிய விறகு

அம்மா போன பிறகுதான் அப்பா தட்டைத் தள்ளிவிட ஆரம்பித்தார். இட்லியோ இடியாப்பமோ, ரெண்டு வாய். அதற்கு மேல் "போதும்மா." கால்சட்டை இடுப்பில் நிற்காமல் நாடா கோத்துக் கட்டும் அளவுக்கு இளைத்துவிட்டார். இப்படியே போனால் மூக்கில் குழாய் போட்டுத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

துக்கம் என்பதால் போன வருஷம் பொங்கல் வைக்கவில்லை. இந்த வருஷம் என்ன செய்யலாம்ப்பா என்று கேட்டேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "விறகுல பொங்கினா ஒரு வாய் சாப்பிடுறேன்" என்றார்.

மனுஷன் வாய்விட்டுக் கேட்டுவிட்டார், விட முடியுமா? நாங்கள் இருப்பது புக்கிட் பாத்தோக் அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்தாவது மாடி. அடுப்பு மூட்ட இடம் எங்கே என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "அதையெல்லாம் நீங்க பாருங்க, விறகை நான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுத் தேக்கா கடைத்தெருவுக்குக் கிளம்பினேன். கரும்பு, மஞ்சள் கொத்து, மண்பானை என்று தெருவே அடைத்துக் கிடந்தது. விறகு மட்டும் இல்லை. "விறகா? போன வருஷம் எறக்கினேன்க்கா, ஒருத்தரும் சீண்டல. ஆன்லைன்ல பாருங்க" என்றார் கடைக்காரர்.

பார்த்தேன். அம்மாடி, விறகுக்கு இவ்வளவு பவிசா! இறைச்சியைப் புகை போட்டு வாட்டுகிறவர்கள் வாங்குவார்களாம். ரம்புத்தான் மரக்கட்டை, மாங்கட்டை, ரெண்டு வருஷம் காயவைத்தது, வாசலுக்கே வரும். செம்பவாங்கில் சின்னப் பிள்ளையில் நாங்கள் சும்மா பொறுக்கிக்கொண்டு வந்த சாமான். ஒரு பெட்டி சொன்னேன்.

பொங்கலுக்கு முதல் நாள் சாயங்காலம் வந்தது. கொண்டுவந்த சீனர் ரெண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். டங்கென்று கேட்டது. நன்றாகக் காய்ந்தது ஆன்ட்டி, தண்ணி மட்டும் படக் கூடாது என்று 'லா' போட்ட ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் லிஃப்ட்டில் இறங்கினாரோ இல்லையோ, நான் அத்தனை கட்டையையும் குளியலறைக்குள் போட்டுக் கழுவினேன்.

சிரிக்காதீர்கள். பொங்கல் பானைக்கு வைக்கிற விறகு, எந்த லாரியில் எவர் காலடியில் கிடந்ததோ! அது மட்டுமில்லை. செம்பவாங் வீட்டில் அம்மா குழாயடியில் குந்தி விறகைத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் தடவி, ஒவ்வொன்றுக்கும் மூணு குங்குமப் பொட்டு வைத்தது அப்படியே என் கண்ணில் நிற்கிறது. அம்மா செய்ததை நானும் செய்தேன். "கட்டையைக் குளிப்பாட்டிப் பொட்டும் வச்சாச்சு, பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றார் வீட்டுக்காரர். ராத்திரி பூரா ஃபேனைப் போட்டு வைத்தேன். வெளியே ஜனவரி மழை.

செம்பவாங் கடற்கரைப் பூங்காவில் ஒரு பார்பிக்யூ அடுப்பைப் பதிவு செய்திருந்தார் என் வீட்டுக்காரர். மத்தியானத்துக்குத்தான் கிடைத்தது. நல்ல நேரம் போனால் போகட்டும், அப்பா சாப்பிட்டால் அதுதான் நல்ல நேரம் என்று பானைக்கு மஞ்சள் கட்டிப் பற்றவைத்தேன். புகை என்றால் புகை, அப்படியொரு புகை! கட்டை முனையில் நுரை தள்ளுகிறது, நெருப்பைக் காணோம். பக்கத்து அடுப்பில் கோழி சுட்டுக்கொண்டிருந்த மலாய்க் குடும்பம் இருமிக்கொண்டே தள்ளிப் போனது. ஒரு மணி நேரம் ஊதினேன். பால் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. அப்பா மடக்கு நாற்காலியில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு வாய் கேட்ட மனுஷனுக்கு அதைக்கூட என்னால் செய்ய முடியவில்லையே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊதுகுழலைத் தூக்கி வீசினேன்.

அப்பா திரும்பினார். "கழுவினியா?"

"அம்மா கழுவினாங்கல்ல? நான் பாத்திருக்கேன்!"

"கழுவுவா. போகிக்கு முன்னாடியே கழுவிருவா. அப்புறம் மூணு நாள் தகரக் கூரைமேல கிடக்கும். டாக்யார்டு வேலைக்குப் போகுமுன்ன ஏறிப் புரட்டிப் போடுவேன், வந்து ஒருக்கா புரட்டுவேன். மழை வந்தா நானே ஓடிவந்து எடுக்கணும். அவளுக்கென்ன, பொட்டு வச்சுட்டுப் போயிருவா."

இத்தனை வருஷமாக அந்தப் பொங்கலை நினைக்கும்போதெல்லாம் அம்மாவை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கூரைமேல் ஒரு ஆள் நின்றது என் ஞாபகத்திலேயே இல்லை.

அப்பா எழுந்து வந்தார். நான் கைபிடிக்கப் போனேன், தட்டிவிட்டார். பக்கத்து அடுப்புக்காரரிடம் மலாயில் ஏதோ சொல்லி, ஒரு தட்டு நிறையக் கனல் கரி வாங்கினார். அதை நடுவில் கொட்டி, ஈரக் கட்டைகளைச் சுற்றிலும் சாய்த்து வைத்து, ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஆவி பறந்தது. காய்ந்ததை உள்ளே தள்ளினார், அடுத்ததைத் திருப்பினார். குந்தி உட்கார முடியாத முழங்காலோடு அரை மணி நேரம் குனிந்தே நின்றார். மூணு மணி வாக்கில் பால் பொங்கி வழிந்தது. "பொங்கலோ பொங்கல்!" என்று என் வீட்டுக்காரர் போட்ட சத்தத்துக்கு மலாய்ப் பிள்ளைகள் கை தட்டின.

அரிசி வெந்து வெல்லம் கரைந்ததும் முதல் கரண்டியை அப்பா தட்டில் வைத்தேன். ஒரு வாய் போட்டார். முகத்தைச் சுளித்தார். "ஒரே புகை நாத்தம். வெல்லமும் பத்தல. உங்கம்மா இப்படியா வைப்பா?"

அம்மா போனதிலிருந்து எதை வைத்தாலும் அவர் ஒரு குறை சொன்னதில்லை. உப்பே போடாத கஞ்சியைக்கூடப் பேசாமல் தள்ளி வைத்தவர். நான் அங்கேயே நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

அவர் காலித் தட்டை நீட்டினார். "அழுவுறத அப்புறம் வச்சுக்க. இன்னொரு கரண்டி போடு."