நூர்த்துப் போடுங்கோ

என் மகளின் கையில் ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவு வில்லை ஒட்டியிருக்கும். உடம்பில் சீனி எவ்வளவு என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது அவளுடைய போனுக்குச் சொல்லும். அந்தப் போன் வீட்டு வைஃபை வழியாக, இரத்மலானையில் அலுவலக மேசையில் கிடக்கும் என் போனுக்குச் சொல்லும். எட்டு வயதில் வந்த நீரிழிவு வருத்தம், இப்போது பன்னிரண்டு. இந்த நான்கு வருடத்தில் நான் எந்தக் கூட்டத்திலும் போனைக் கவிழ்த்து வைத்ததில்லை. சீனி இறங்கினால் அவளுடைய போனும் கத்தும்தான். ஆனால் தூக்கத்தில் இறங்கினால் அவள் எழும்பமாட்டாள். நான்தான் பார்த்து, வீட்டில் இருப்பவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

வீட்டில் பகலில் இருப்பவர் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் அவரைத் தங்கச்சி என்பேன். அவர் என்னை அக்கா என்பார்.

என் வேலையும் இதே சாதிதான். ஓடிக்கொண்டிருக்கும் தொழிற்சாலையில் ஸ்கேனர், கமரா, பிரிண்டர் என்று புதிது புதிதாக வலையமைப்பில் சேர்க்க வேண்டும். ஆனால் எதுவும் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் சேர்ப்போம். சேர்த்தபின் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்போம். குழம்பினால் புதியதை உடனே நிறுத்திவிடுவோம், பழையது தன்பாட்டில் ஓடும். இதை இருபது வருடமாகச் செய்கிறேன். மகளின் வில்லையை மாற்றும்போதும் அப்படித்தான். பழையது முடிவதற்கு முன்பே மற்றக் கையில் புதியதை ஒட்டிவிட்டு, அது சூடாகி எண் காட்டத் தொடங்கும்வரை பழையதைக் கழற்றமாட்டேன்.

வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டின் உள் அறைக்கு வைஃபை சரியாக எட்டாது. மொபைல் சிக்னலும் அங்கே கிடையாது. அவள் படுப்பதும் படிப்பதும் அந்த அறையில். எண்கள் அடிக்கடி நின்று நின்று வந்தன. அதனால் அறைக்கு வெளியே நடையில் இரண்டாவது வைஃபை பெட்டி ஒன்றைப் பூட்ட ஆள் பிடித்தேன். பழைய பெட்டியைத் தொடவே கூடாது என்று சிங்களத்தில் இரண்டு தடவை சொன்னேன். "ஹரி மிஸ், ஹரி மிஸ்" என்று தலையாட்டினான். உண்மையாகவே தொடவில்லை. மதியத்துக்கு முன் வேலையை முடித்துப் போய்விட்டான்.

மகள் இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தால் வந்தாள். முழுச் சாப்பாட்டுக்கும் இன்சுலின் போட்டுவிட்டு, களைப்பில் பாதிச் சோற்றோடு போய்ப் படுத்துவிட்டாள். சீனி இறங்கப் போகிறது என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டே முக்காலுக்கு என் திரையில் எண் நின்றுபோனதுதான். புதுப் பெட்டிதான் காரணம் என்று உடனே விளங்கியது. அதற்கும் பழைய பெட்டிக்கும் இடையிலான தொடர்பு விட்டுப்போயிருக்கும். மகளின் போனோ பக்கத்தில் இருப்பதையே பிடித்துக்கொண்டு நிற்கும். புதியதை நிறுத்தினால் போன் தானாகப் பழையதுக்குத் திரும்பும். வீட்டுக்கு அழைத்தேன்.

"தங்கச்சி, நடையில இருக்கிற புதுப் பெட்டியை ஒருக்கா நூர்த்துப் போடுங்கோ."

"இந்தா போறேன்க்கா... நூர்த்துப் போட்டுட்டேன்க்கா."

"பழையதில லைட் எல்லாம் சரியே?"

"எல்லாம் சரிக்கா. பாப்பா தூங்குது."

எண் உடனே வரவில்லை. எந்த மாற்றத்துக்குப் பிறகும் இருபது நிமிடம் பொறு என்று அலுவலகத்தில் மற்றவர்களுக்குச் சொல்பவள் நான். 'தொடர்பு இல்லை' என்ற எச்சரிக்கை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கீச்சிட்டது. அதை அரை மணி நேரத்துக்கு வாயடைத்தேன். அலட்சியம் என்று சொன்னால் பொய். நான்கு வருடச் சத்தம். காது அல்ல, எலும்பு களைத்துப் போயிருந்தது.

மூன்று இருபத்தைந்துக்குத் தங்கச்சி எனக்கு அழைப்பு எடுத்தார்.

"அக்கா, பயப்படாதீங்க. பாப்பாவுக்கு டீ வேணுமானு கேக்கப் போனேன். ஒடம்பெல்லாம் வேர்த்து, பேச்சு கொளறுது. போன் கத்திக்கிட்டே கெடக்கு. நான் பின்னால மெசின்ல துணி போட்டுக்கிட்டு நின்னேன், கேக்கலக்கா. குளுக்கோஸ் கரைச்சுக் குடுத்துட்டேன். முழுங்குது."

"நம்பர் என்ன?"

"நாப்பத்தி மூணு."

எழுபதுக்குக் கீழே போகக் கூடாத எண். காலி வீதியில் ஆட்டோவில் வந்தது எனக்கு நினைவில்லை. தெகிவளைச் சந்தியில் நின்றபோது தங்கச்சி மறுபடி அழைத்து "எழுவதுக்கா" என்றது மட்டும் நினைவிருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் கட்டிலில் சாய்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நடையில் புதுப் பெட்டி பச்சை லைட் நாலும் எரிய நின்றது.

"தங்கச்சி, இதை நூர்க்கச் சொன்னனான் எல்லோ?"

"நூர்த்தேனேக்கா. நூர்த்துட்டுப் போட்டேன். நீங்கதான சொன்னீங்க, நூர்த்துப் போடுங்கனு?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஊரில் 'நூர்த்துப் போடு' என்றால் அணைத்துவிடு, அவ்வளவுதான். அந்தப் 'போடு' வெறும் வால். அவருக்கோ 'நூர்' என்பது எங்கள் வீட்டில் கற்றுக்கொண்ட சொல்; 'போடு' என்பது லைட்டைப் போடுகிற போடு. அணைத்து, மறுபடி போட்டிருக்கிறார். சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைப்பது எங்கள் தொழிலில் கட்டாயம். அவர் கேளாமலே திருப்பிச் சொன்னார், அச்சுப் பிசகாமல். நானும் சரி என்று எடுத்துக்கொண்டேன். தொழிற்சாலையில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கதைக்கும்போது ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தரம் பார்ப்பேன். வீட்டில் தமிழ்தானே என்று விட்டுவிட்டேன்.

அவர் அழத் தொடங்கினார். "பிழை என்னிலதான்" என்று நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. மகள்தான் வாயில் பிஸ்கட்டோடு, "அம்மா, உங்கட தமிழுக்கு ஒரு மெனுவல் எழுதி ஒட்டுங்கோ" என்றாள். தங்கச்சி அழுகையோடே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. அந்த நாற்பது நிமிடத்தை நான் பல்லுத் துலக்கும்போதும் எண்ணிப் பார்க்கிறேன்.

மூன்று கிழமை அந்தப் பெட்டி செருகியிலிருந்து கழற்றியபடி கிடந்தது. ஆனால் உள் அறையில் எண் நின்று நின்றுதான் வந்தது. பயத்துக்காக அதை அப்படியே விடவும் முடியாது. ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் திரும்பவும் பூட்டினோம். எந்தச் சத்தத்தையும் வாயடைக்கவில்லை. மகளுக்குப் பக்கத்தில் கட்டிலில் இரண்டு போனையும் வைத்துக்கொண்டு நான் இருந்தேன். எண் வந்தது, வந்தது, பிறகு நின்றது.

"தங்கச்சி" என்று கூப்பிட்டு, 'நூர்த்து' என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

நடையில் சுவிட்சில் விரலை வைத்தபடி நின்றவர் எட்டிப் பார்த்தார்.

"நூர்க்கவா, போடவா? ஒண்ணு மட்டும் சொல்லுங்கக்கா."