தாலாட்டாகிப் போன ராஜா பாட்டு

என் மகள் பிறந்தபோது எனக்கு ஒரு தாலாட்டுகூடத் தெரியாது. நான் நடை பழகும் முன்பே அம்மா போய்விட்டாள். மாத்தளையில் மிஷன் பள்ளிக்கூடத்து விடுதியில் வளர்ந்தேன். அங்கே படித்த பாட்டுகளில் பாதிக்கு மேல் ஏசுநாதர் பாட்டு. கல்யாணமாகி எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்கு வாத்தியார் மனைவியாக வந்த பிறகு, மாரியம்மன் படத்துக்கு விளக்கேற்றும் வீட்டில் அவற்றைப் பாடலாமா கூடாதா என்று யோசித்தே வாயை மூடிக்கொண்டேன். பிள்ளைக்கு வயிற்று உபாதை. பகலெல்லாம் காலை உதைத்துக்கொண்டு கத்துவாள். நான் செய்வதில் எது தப்பு என்று தெரியாமல் நானும் கூடவே அழுவேன்.

ஒரு நாள் காலை, அவளைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தபோது தானாக வாயில் வந்தது ராஜா பாட்டு. பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காகப் பாடியது. இங்கிலாந்து ராஜாவைக் காப்பாற்று என்று கடவுளிடம் கேட்கிற பாட்டு. இதில் யாரும் குற்றம் காண முடியாது என்று தைரியப்படுத்திக்கொண்டேன். விறைப்பாகப் பாடியபோது பிள்ளை முறைத்துப் பார்த்தாள். இழுத்து, குழைத்து, அடிக்கொரு ஆராரோ சேர்த்ததும் கண் சொருகினாள். எழுந்து நின்றுதான் அதைப் பாட வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். ஆகவே முதல் இரண்டு நாள் நின்றுகொண்டே தூங்க வைத்தேன். மூன்றாம் நாள் இடுப்பு விட்டுப்போனது. ராஜா மன்னிப்பார் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் பள்ளிக்கூடம், நடுவில் பலகைச் சுவர்தான். மறுபக்கம் பிள்ளைக் காம்பிரா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் ஆயா ஒரு நாள் எட்டிப் பார்த்தாள்.

"வாத்தியாரம்மா, அது என்ன பாட்டுங்க? ஒங்க புள்ள பொட்டுனு அடங்கிருதே!"

"அது ராஜா பாட்டு ஆயாம்மா. இங்கிலீசு."

"ராஜாவோ மந்திரியோ, புள்ள தூங்குதுல்ல? நமக்கும் சொல்லிக் குடுங்க. பதினாலு வச்சிருக்கேன், ஒண்ணு நிறுத்துனா ஒண்ணு தொடங்குது."

சொல்லிக் கொடுத்தேன். சொற்கள் அவள் வாயில் எப்படியெப்படியோ உருண்டன. ராகமும் ஆராரோவும் மட்டும் சரியாக நின்றன. ஆயாவிடமிருந்து தாய்மார்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மாதத்தில், பொழுது சாயும் நேரம் ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போனால் அறைக்கு அறை ராஜா பாட்டு கேட்கும். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

பயம் நிஜமானது ராஜாவின் பிறந்தநாள் நெருங்கியபோது. தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா பள்ளிக்கூடத்துக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். இந்த வருஷம் கொடியேற்றத்துக்கு நம் பிள்ளைகள் பாட வேண்டும், தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை பார்ப்பார், பார்த்துவிட்டு இந்தப் பள்ளிக்கூடத்தை வைத்திருப்பதா, தோட்டத்தின் மேல் டிவிசன் பள்ளியோடு சேர்ப்பதா என்று முடிவு செய்வார். சேர்த்துவிட்டால் இங்கே வாத்தியார் வேண்டாம். எங்களுக்கு வீடும் இல்லை.

என் வீட்டுக்காரருக்குப் பிள்ளைகளை நிறுத்தி எழுத்துச் சொல்லித்தர வரும், கணக்கு வரும். பாட்டு மட்டும் சுத்தமாக வராது. அவர் காதுக்கு ஒப்பாரியும் கும்மியும் ஒன்றுதான். முதல் நாள் பாட்டைத் தொடங்கியதும் துள்ளிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

"இங்க பாரு, ஒரு அதிசயம்! நான் ஒண்ணுமே சொல்லலை, அதுகளுக்கு முன்னாலயே தெரியுது! எல்லாம் ஒரே குரல்ல பாடுது!"

பலகைச் சுவர் வழியாகக் கேட்டேன். என் தாலாட்டு. இழுப்பு, குழைவு, ஆராரோ எல்லாம் அப்படியே. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். எத்தனை மாதங்களுக்குப் பிறகு அந்த முகம் அப்படி மலர்ந்திருந்தது! நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாளும் அப்படித்தான். அவரோ உற்சாகத்தில் பாட்டின் மூன்று சரணங்களையும் சொல்லிக் கொடுத்துவிட்டார். கடைசியில் அவர் இல்லாத நேரமாகப் பார்த்து, பெரிய பிள்ளைகள் சிலரைக் கூப்பிட்டு விறைப்பாகப் பாடிக் காட்டினேன். தலையாட்டிக் கேட்டார்கள். திரும்பப் பாடச் சொன்னேன். ஆராரோ என்று முடித்தார்கள்.

அந்த நாள் வந்தது. பிரட்டுக் களத்தில், தினமும் காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற அந்த மேட்டில், மூங்கிலில் கொடி. முன்னால் நாற்காலியில் துரையும் துரைசானியும். பக்கத்தில் கிளாக்கர் ஐயா, கோட்டும் தலைப்பாகையுமாக, ஆட்களை மேற்பார்க்கும் பெரிய கங்காணி. பின்னால் தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும். பெண்கள் இடுப்பில் பிள்ளைகள். நான் ஒரு ஓரமாக என் மகளோடு நின்றேன்.

என் வீட்டுக்காரர் கையை உயர்த்தினார். துரை எழுந்து தொப்பியைக் கழற்றினார். பிள்ளைகள் தொடங்கினார்கள்.

முதல் அடி முடிவதற்குள் பெண்கள் பக்கம் ஒரு அசைவு. இடுப்பில் இருந்த பிள்ளைகள் தோளுக்குப் போயின. ஒரு கை முதுகைத் தட்டத் தொடங்கியது, பிறகு எல்லாக் கைகளும். ஒருவரும் வேண்டுமென்று செய்யவில்லை. அந்தப் பாட்டுக்கு அவர்களுக்குத் தெரிந்தது அதுதான். இரண்டாம் சரணத்தில் ஆராரோவுக்கு ஆயாவின் குரலும் சேர்ந்தது. அவளைத் தொடர்ந்து முப்பது நாற்பது குரல்கள்.

"ஆடாதீங்கடி! அசையாம நில்லுங்க!" என்று பெரிய கங்காணி பல்லைக் கடித்தார்.

"புள்ள முழிச்சா நீங்களா தூக்குவீங்க?" என்றாள் யாரோ.

கிளாக்கர் ஐயாவின் முகம் சாம்பலாகிவிட்டது. துரைசானி உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். துரையோ வெறுந்தலையோடு வெயிலில் நின்றார். தாலாட்டு வேகத்தில் மூன்று சரணம்! அவருடைய வழுக்கை சிவந்துகொண்டே வந்தது. பாட்டு முடியும்வரை தொப்பியைப் போட அவருக்கும் அனுமதியில்லை.

ஒருவழியாக முடிந்தது.

"யார் பழக்கினது?" என்று தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டார் துரை.

"நான்தாங்க. மூணு சரணமும்," என்று பெருமையோடு முன்னால் போனார் என் வீட்டுக்காரர்.

அந்த முகத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பிள்ளையோடு நடந்து போய், விடுதியில் படித்த இங்கிலீசில், குற்றம் என்னுடையது என்றேன். பிள்ளையைத் தூங்க வைக்க நான்தான் அப்படி மாற்றினேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுவர் வழியே கேட்டுப் படித்துவிட்டார்கள், என் கணவருக்கு இதில் பங்கில்லை என்று சொல்லி முடித்தேன். துரை என்னையும் பிள்ளையையும் மாறிமாறிப் பார்த்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். பங்களாவுக்கு நடந்துவிட்டார்.

இவர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். கதவைச் சாத்திய பிறகுதான், "நீ ஏன் முன்னால வந்தே? எனக்கு வாய் இல்லியா?" என்றார்.

"உங்களைத் திட்டுவாருன்னு பயந்துட்டேங்க."

"அது தாலாட்டு மாதிரியா இருந்துச்சு?"

"ஆமாங்க."

பள்ளிக்கூடத்துப் பலகைச் சுவரைப் பார்த்தார். "எனக்கு நல்லாத்தானே கேட்டுச்சு," என்றார். அதற்கு மேல் எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. முன்பே சொல்லியிருந்தால் அவர் தலைகுனிய வேண்டியிருந்திருக்காது. அங்கே சொல்லாமல் இருந்திருந்தாலாவது அவருக்கு அந்தப் பெருமை மிஞ்சியிருக்கும். இரண்டிலும் நான் தவறான நேரத்தையே பிடித்திருந்தேன்.

அடுத்த ஐந்து நாளும் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போவதே எனக்கு வேதனை. இதைத் தவிர வேறு பேச்சில்லை. ராஜத்துரோகம் என்று எழுதிவிடுவார்கள், பொலிசு வரும் என்று கிளாக்கர் ஐயா சொன்னதாக ஒருத்தி சொன்னாள்.

"என்னாத்துக்குப் பொலிசு? அந்த ராஜாவும் மனுசந்தானே. அவருக்குத் தூக்கம் வேணாமா?" என்றாள் ஆயா. குடங்களை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். பெரிய கங்காணிகூட என்னைக் கண்டதும், "வாத்தியாரம்மா, கொடிக் கம்பமே கொட்டாவி விட்டுச்சேம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்களுக்கு என்மேல் கோபமில்லை என்பது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தால் எதைக் கட்டுவது, எதை விடுவது என்று சாமான்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆறாம் நாள் விடிந்ததும் கிளாக்கர் ஐயா கடிதத்தோடு வந்தார். அதை வாங்கிய இவர் பிரிக்காமல் என்னிடம் நீட்டினார்.

"நீயே படி."

துரையின் கையெழுத்து. பள்ளிக்கூடம் இங்கேயே இருக்கும். இனி ராஜா பாட்டில் ஒரு சரணம் போதும். தோட்டத்து நிகழ்ச்சிகளில் அதை ஆராரோ இல்லாமல் பாட வேண்டும். அதைப் பழக்குகிற பொறுப்பு வாத்தியாரின் மனைவிக்கு. கீழே, வேறு மையில், துரைசானி ஒரு வரி சேர்த்திருந்தார். பிள்ளைக் காம்பிராவில் எப்படி வேண்டுமானாலும் பாடலாமாம்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல, இவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு, "பள்ளிக்கூடம் இருக்குன்னு அந்த வரிய மட்டும் இன்னொரு வாட்டி படி," என்றார். படித்தேன். நான் பாட்டுப் பழக்கும் நேரத்தில் பிள்ளையை யார் வைத்துக்கொள்வது, அதுவும் ஒழுங்காக வராமல் போனால் என்ன செய்வது என்று கேட்கத் தொடங்கினேன். அவர் அதற்குள் வெளியே போய்விட்டார். மாமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை அடித்துப் பள்ளிக்கூட மணி கொடுத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் தொடங்க இன்னும் அரை மணி இருந்தது. லயத்துப் பக்கமிருந்து பிள்ளைகள் முகம் கழுவியும் கழுவாமலும் ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.